ஒரே ஒரு தடவை விற்கும் மருந்து

நன்றாக வேலை செய்த ஒரே காரணத்துக்காக வியாபாரம் படுத்துப் போன களைக்கொல்லி ஒன்று இருக்கிறது. பேரு டிவைன். அது ரசாயனம் இல்லை. செடிக்கு நோய் கொடுக்கிற பூஞ்சையைப் பிடித்து, வளர்த்து, பாட்டிலில் அடைத்து விற்ற சமாச்சாரம். "மருந்தடிக்காம களையை ஒழிக்க வழியே இல்லையா?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் வேலைக்கு ஆகாது சார்" என்று சட்டென்று பதில் வந்துவிடும். பல முயற்சிகள் வேலைக்கு ஆகவில்லை என்பது நிஜம்தான். ஆனால் பிரமாதமாக வேலைக்கு ஆகி, அதனாலேயே காணாமல் போனதும் உண்டு. இன்றைய மொக்கை அதைப் பற்றித்தான்.

டிஸ்கி: நான் வேளாண்மை படித்தவன் இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு பொட்டி தட்டுகிற ஆசாமி. ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு, அப்பா பார்த்துக்கொள்கிறார். களையெடுக்க ஆள் கிடைக்காத புலம்பலை வாரா வாரம் போனில் கேட்கிறவன் என்ற தகுதி மட்டும் எனக்கு இருக்கிறது. :-)

சரி, கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர் போனது. அந்தத் தோட்டங்களுக்கு ஒரு வில்லன் இருந்தான். மொரேனியா ஒடொரேட்டா என்று ஒரு கொடி. தென் அமெரிக்காவில் இருந்து போய்ச் சேர்ந்தது. நம்ம எருக்கஞ்செடியின் சொந்தக்காரன், கிள்ளினால் பால் வடியும். மரத்தின் மேல் ஏறி, போர்வை மாதிரி மூடி, வெயில் படாமல் பண்ணி, மரத்தையே நெருக்கிவிடும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

1970களில் சில தோட்டங்களில் இந்தக் கொடி தானாகவே வேர் அழுகிச் சாவதை அங்கே இருந்த வேளாண் துறை ஆட்கள் கவனித்தார்கள். தோண்டிப் பார்த்தால் காரணம் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற பூஞ்சை. (இன்றைய வகைப்பாட்டில் அது அசல் பூஞ்சை கிடையாது, பாசிகளுக்கு நெருங்கிய உறவு என்கிறார்கள். அந்தக் காலத்தில் பூஞ்சை என்றே சொன்னார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) அபாட் நிறுவனம் அதைப் பெரிய அளவில் வளர்த்து, 1981ல் அமெரிக்க அரசிடம் களைக்கொல்லியாகப் பதிவு செய்தது. அமெரிக்காவில் அப்படிப் பதிவான முதல் நுண்ணுயிர்க் களைக்கொல்லி அதுதான்.

ரிசல்ட்? ஈர மண்ணில் தெளித்தால் பத்தில் ஒன்பது கொடிக்கு மேல் காலி. ஒரு தடவை தெளித்தால் போதும். பூஞ்சை மண்ணிலேயே தங்கி, வருஷக்கணக்கில் காத்திருந்து, புதிதாக முளைக்கிற கொடியையும் தீர்த்துக் கட்டியது.

விவசாயிக்கு கொண்டாட்டம். கம்பெனிக்கு? ஒரு தோட்டக்காரர் ஒரு தடவை வாங்கினார், அதோடு சரி. அடுத்த வருஷம் அவர் எதற்கு வாங்கப் போகிறார்? இதில் இன்னொரு தலைவலி, சரக்கு உயிருள்ள சரக்கு. பால் பாக்கெட் மாதிரி குளிரிலேயே வைத்திருந்து, சில வாரங்களுக்குள் பயன்படுத்த வேண்டும். ஆர்டர் வந்தபிறகுதான் தயாரிக்க முடியும். ஒரு மாநிலம், ஒரு பயிர், ஒரே ஒரு களை, அதுவும் ஒரே ஒரு தடவை. விற்பனை சுருங்கிச் சுருங்கி, மருந்து கடையிலிருந்து மறைந்தே போனது.

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் இது லைஃப்டைம் லைசென்ஸ். ஒரு முறை இன்ஸ்டால் செய்தால் தானே அப்டேட் ஆகிக்கொண்டு, சப்போர்ட் கால் கூட வராத சாஃப்ட்வேர். கஸ்டமருக்கு சொர்க்கம், சேல்ஸ் டீமுக்கு நரகம்.

அதே காலத்தில் ரசாயனப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1996ல் கிளைஃபோசேட் தாங்கும் சோயா விதை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விதையும் எங்ககிட்ட, அந்த விதைக்கு அடிக்கிற மருந்தும் எங்ககிட்ட, வருஷா வருஷம் ரெண்டையும் வாங்கு. என்ன ஒரு அருமையான வருடாந்திரச் சந்தா! அதே 1996ல்தான் கிளைஃபோசேட்டுக்குச் சாகாத புல் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருப்பதாக விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். 2005 வாக்கில் ஜார்ஜியா பருத்திக் காடுகளில் பால்மர் அமராந்த் என்ற களை, நம்ம தண்டுக்கீரைக்குப் பங்காளி, மருந்து அடித்தாலும் தலை நிமிர்ந்து நின்றது. மருந்து தோற்கத் தோற்க வியாபாரம் குறையணும் இல்லையா? இன்னொரு மருந்து கலந்து அடி, டோஸை ஏற்று என்று விற்பனை கூடத்தான் செய்தது.

ஆக, தோற்கிற மருந்துக்கு மார்க்கெட் உண்டு, ஜெயிக்கிற மருந்துக்கு இல்லை. இதில் எந்த சதியும் கிடையாது. கம்பெனிக்காரன் கெட்டவன் என்று சொல்லவும் நான் வரவில்லை. அவன் கணக்கு அப்படி. பிரச்சினை என்னவென்றால், இந்த விஷயத்தை அந்தக் கணக்கிலேயே நாமும் போட்டுப் பார்த்து, "தேறாது" என்று ஃபைலை மூடிவிட்டோம் என்பதுதான்.

டிவைன் மட்டும் என்றால் ஒரு கதை என்று விட்டுவிடலாம். வரிசையாக இருக்கிறது.

1982ல் கொலெகோ என்று ஒன்று வந்தது. அர்க்கன்சா மாநிலத்து நெல் வயல்களில் ஈஸ்கினொமினி என்று ஒரு களை. தஞ்சாவூர் நெட்டி வேலை கேள்விப்பட்டிருப்பீர்களே, கோயில் கோபுரம் எல்லாம் வெள்ளை வெளேரென்று செதுக்கி கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களே, அந்த நெட்டிச் செடிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அதன் கறுப்பு விதை நெல்லோடு கலந்துவிட்டால் விலை போகாது. அந்தச் செடியின் தண்டில் வரும் கருகல் நோயை அர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டெம்பிள்டனும் அவரது சகாக்களும் பிடித்து, காய்ந்த பொடியாக்கி, விமானத்தில் தெளிக்கிற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒரு சில மாநிலங்களின் ஒரே ஒரு களை என்பதால் மார்க்கெட் சின்னது. கம்பெனி கைமாறி, பெயர் மாறி, இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியது. பின்னாளில் அதற்கு வைத்த பெயர் லாக்டவுன். (சத்தியமா!) கனடாவில் பயோமால் என்று இன்னொன்று, 1992ல் பதிவானது. தயாரிப்புச் செலவு கட்டுபடியாகாமல் கடைக்கே வரவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம் ஒரு கதை. ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் கோண்ட்ரில்லா என்று ஒரு களை. கம்பி மாதிரி தண்டு, உள்ளே பால். அறுவடை இயந்திரத்தில் சிக்கி, பிசின் மாதிரி ஒட்டி, மெஷினையே நிறுத்திவிடும். அங்கே அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, அந்தக் களையின் பூர்வீகமான மத்திய தரைக்கடல் பகுதிக்குப் போய், அதைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சையைத் தேடிப் பிடித்து, பயிர்களைத் தொடுகிறதா என்று சோதித்து, 1971ல் திறந்து விட்டது. ஒரு வருஷத்துக்குள் காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியது. யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை, எந்த விவசாயியும் பில் கட்டவில்லை. பின்னாளில் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டபோது, அந்தக் களைத் திட்டத்தில் போட்ட ஒரு டாலருக்கு நூறு டாலருக்கு மேல் பலன் என்று வந்தது.

வெற்றி முழுசு இல்லை என்பதையும் சொல்லிவிடணும். அந்தக் களையில் மூன்று வகை. பூஞ்சை தாக்கியது குறுகிய இலை வகையை மட்டும். அது ஒழிந்த இடத்தில் மற்ற ரெண்டு வகையும் பரவ ஆரம்பித்தன. ஆனாலும் அதிகம் தொல்லை கொடுத்தது அந்தக் குறுகிய இலைதான், அது அடங்கியது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிவைனும் இந்தத் துருவும் செய்தது ஒரே வேலை. ஒருமுறை போட்டால் போதும், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். கம்பெனி கையில் அது தோல்வி. அரசாங்கம் கையில் அதே குணம் வெற்றி. அப்படியானால் மாற வேண்டியது பூஞ்சையா, அதற்குப் பணம் போடும் கையா?

போலியோ சொட்டு மருந்தை லாபம் பார்த்தா கொடுக்கிறோம்? நோய் ஒழிந்தால் மருந்தே வேண்டாம் என்று தெரிந்துதானே வீடு வீடாகப் போய் ஊற்றினோம். என் கட்சி அவ்வளவுதான். களைப் பூஞ்சையை உரக்கடை ஐட்டமாகப் பார்க்காமல், ஏரி தூர் வாருவது மாதிரி, தடுப்பூசி மாதிரி, பொதுச் செலவாகப் பார்க்கணும்.

இனி எதிர்க்கேள்விகள். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன்.

ஒண்ணு: "நோயைக் கொண்டுபோய் வயல்ல விடறியே, நாளைக்கு அது பயிர் மேல பாயாதா?"

நியாயமான பயம். இதற்கு "பயப்படாதீங்க, இயற்கைதானே" என்று பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். விஷக் காளான் கூட இயற்கைதான். டிவைனில் இருந்த பைட்டோப்தோரா பால்மிவோரா யார் தெரியுமா? நம்ம தென்னையில் குருத்தழுகல் நோய் கொண்டு வருவதும் அதே இனம்தான். கோகோ காயைக் கறுத்து அழுக வைப்பதும் அதுவே. ஃப்ளோரிடாவுக்குச் சரிப்பட்டது என்பதற்காக அதைப் பொள்ளாச்சிப் பக்கம் யாராவது கொண்டு வந்தால் ஊரே சேர்ந்து அடிக்கணும்.

ஆனால் எல்லாப் பூஞ்சையும் அப்படி இல்லை. துரு நோய்ப் பூஞ்சைகள் பலதும் ரொம்பப் பத்தினி ரகம், தன் செடியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்தும் பார்க்காது. மேலே சொன்ன ஆஸ்திரேலியத் துரு, ஒரே களையில் இலை அகலமான வகையைக்கூடத் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பூஞ்சை, எந்த ஊர், பக்கத்தில் என்ன பயிர் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அதற்குக் காசும் காலமும் ஆகும். இதுவும் அரசாங்கம் செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம். சோதனைக்கு அவசரப்படாத ஆள் தேவை.

ரெண்டு: "ஈரம் இல்லாட்டி பூஞ்சை எடுபடுமா? நம்ம வெயிலுக்கு?"

இலையில் தெளிக்கிற பூஞ்சை முளைத்து உள்ளே போக மணிக்கணக்கில், சில வகைக்கு ராத்திரி முழுக்க, இலையில் பனியோ ஈரமோ நிற்கணும். ஆய்வகத்தில் அசத்துகிற பல பூஞ்சைகள் வயலில் ஊத்திக்கொண்டது இதனால்தான். டெஸ்ட் சர்வரில் ஓடி, புரொடக்ஷனில் படுக்கிற கதை, நமக்குப் புதுசா என்ன?

இந்தியாவும் இதில் ஒருமுறை சூடு பட்டிருக்கிறது. மைக்கானியா என்ற கொடி, அசாம் தேயிலைத் தோட்டங்களையும் கேரளக் காடுகளையும் மூடிக்கொண்டு வருவது. மலையாளத்தில் அதற்கு 'திருதராஷ்டிரப் பச்சை' என்று பெயர். கட்டிப்பிடித்தே கொல்லுமாம், என்ன பொருத்தம்! அதைத் தாக்கும் துருப் பூஞ்சையை டிரினிடாடில் இருந்து கொண்டுவந்து, டெல்லியில் அடைத்து வைத்துப் பல பயிர்கள் மீது சோதித்து, 2005ல் அசாமிலும் 2006ல் கேரளாவிலும் விட்டார்கள். நிலைக்கவில்லை. அதே பூஞ்சையை 2008ல் பப்புவா நியூ கினியில் விட்டபோது பிடித்துக்கொண்டது, பரவியது, கொடியை அடக்கியது. ஒரு ஊரில் தோற்றது இன்னொரு ஊரில் ஜெயிக்கிறது. ஒரு தடவை முயன்று தோற்றால் முயற்சியை விடுவதா, இடத்தையும் பருவத்தையும் மாற்றிப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி.

மூணு: "என் வயல்ல பத்து களை இருக்கு, உன் பூஞ்சை ஒண்ணைத்தானே கொல்லும்?"

ஆமாம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கோரையும் சாரணையும் அறுகும் கலந்து கிடக்கிற வயலுக்கு இது தீர்வு கிடையாது. களைக்கொத்தும் ஆளும் வேண்டும், மூடாக்கும் வேண்டும். ஒரே ஒரு எதிரி மட்டும் கழுத்தைப் பிடிக்கிற இடத்தில்தான் இதற்கு வேலை.

அப்படி ஒரு எதிரி நம்ம ஊரில் உண்டு. சுடுமல்லி. சோளத்திலும் கரும்பிலும் வரும். பேரைக் கேட்டால் பூக்காரம்மா கூடையில் இருக்கும் என்று தோணும், ஆனால் ரத்தம் உறிஞ்சும். விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உறங்கும். பக்கத்தில் சோளத்தின் வேர் வந்தால், அந்த வேர் கசிய விடுகிற ரசாயனத்தை மோப்பம் பிடித்து முளைத்து, வேரிலேயே ஒட்டி, உள்ளுக்குள் குடிக்க ஆரம்பிக்கும். மண்ணுக்கு மேலே அது தலை காட்டும்போது பயிருக்குப் பாதி சேதம் முடிந்திருக்கும். அப்புறம் பிடுங்கி என்ன, மருந்தடித்து என்ன?

இதே சுடுமல்லியின் அண்ணன் ஒருவன் ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்தைத் தின்கிறான். மேற்குக் கென்யாவில் சின்ன விவசாயிகளின் சோற்றில் கை வைக்கிற களை. அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையையே எழுத வைத்தது.

பூஞ்சை, ஃபியுசேரியம் ஆக்சிஸ்போரம் இனத்தில் சுடுமல்லியை மட்டும் தாக்கும் பிரிவு. (வாழைக்குப் பனாமா வாடல் கொண்டு வருவதும் இதே இனத்தின் வேறொரு பிரிவு. ஆளுக்கொரு செடி என்று பாகம் பிரித்துக்கொண்ட குடும்பம்.) அமெரிக்காவின் மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்து டேவிட் சேண்ட்ஸும் கென்ய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அதில் வீரியமான ரகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். சரி, இதைக் கிராமத்துக்கு எப்படி அனுப்புவது? குளிர்பெட்டி லாரியா? இல்லை, பல் குத்தும் குச்சி! குச்சியில் பூஞ்சையை வளர்த்து, காயவைத்து அனுப்பிவிடுகிறார்கள். கிராமத்தில் ஒருவர் அரிசியை வேகவைத்து, ஆறவைத்து, டப்பாவில் போட்டு, அந்தக் குச்சியை உள்ளே போட்டு மூடி வைக்கிறார். சில நாளில் சோறு முழுக்கப் பூஞ்சை. விதைக்கிற குழியில் விதையோடு அந்தச் சோற்றை ஒரு சிட்டிகை. பூஞ்சை மண்ணுக்குள்ளேயே சுடுமல்லியை மறித்துவிடுகிறது. இலையில் பனி வேண்டாம், ஸ்பிரேயர் வேண்டாம்.

500 விவசாயிகளின் நிலத்தில் சோதித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், மகசூல் ஒரு பருவத்தில் சராசரியாக 56 சதவீதம், இன்னொரு பருவத்தில் 42 சதவீதம் கூடியது. 2021ல் கென்ய அரசின் பதிவும் கிடைத்தது. பேரு கிச்சாவி கில். கிச்சாவி என்றால் சூனியம் சம்பந்தப்பட்டது.

இதில் என்னை உலுக்கியது பூஞ்சை இல்லை, அந்த ஏற்பாடு. டிவைனைக் கொன்றது என்ன? உயிருள்ள சரக்கு கெட்டுப்போகும், தூரம் போகாது என்பது. இதற்குத் தீர்வு நம்ம ஊரில் எல்லாத் தெருமுனையிலும் இருக்கிறது. இட்லி மாவு! அரைத்த மாவை ஒரே ஃபேக்டரியில் பொங்க வைத்து நாடு முழுக்க அனுப்பச் சொன்னால் எந்த மேனேஜரும் ஓடிப்போவார். ஆனால் தெருவுக்கு ஒரு அக்கா கிரைண்டர் வைத்து அன்னன்னிக்கு அரைத்து விற்கிறார், கெடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கென்யாக்காரர்கள் பூஞ்சையை மாவுக்கடை ஆக்கிவிட்டார்கள். நல்ல விதைப்பூஞ்சையைக் காப்பாற்றி, கலப்படம் இல்லாமல் குச்சியில் அனுப்புவது மேலே இருக்கிறவர் வேலை. பெருக்குவது ஊர் வேலை. நம்ம பாஷையில், சோர்ஸ் கோடு ஒரு இடத்தில், பில்ட் அவரவர் மெஷினில்.

கென்யக் குச்சியை அப்படியே இங்கே இறக்குமதி பண்ணுங்க என்று நான் சொல்லவில்லை. அங்கே உள்ள களை வேறு இனம், மண் வேறு. நம்ம சோளக்காட்டிலேயே நோய் வந்து வாடுகிற சுடுமல்லியைத் தேடி, அதிலிருந்து நம்ம ஊர் பூஞ்சையைப் பிரித்து, பயிர்கள் மீது சோதிக்க வேண்டும்.

அதற்கான ஆட்களும் அனுபவமும் இங்கே புதுசா வரணும் என்பதில்லை. டிரைக்கோடெர்மா விரிடி ஒரு பூஞ்சைதானே? கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைநேர்த்தி செய் என்று கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லி, நம்ம விவசாயிகள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சூடோமோனாஸ் 10 கிராம். முதலில் "பொடியில உயிர் இருக்குன்னு சொல்றான், பைத்தியமா?" என்று கேட்ட கிராமங்களில் இன்றைக்கு அந்தப் பொடி இல்லாமல் விதை போடாதவர்கள் இருக்கிறார்கள். ஜபல்பூரில் களைக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பயிரைக் காக்கிற பூஞ்சைக்குப் போட்ட பாதை இருக்கு, களையைக் கொல்கிற பூஞ்சையை அதில் ஓட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஏன் இப்பவே அவசரம் என்றால், மாற்று வழி இல்லாமல் தடை மட்டும் வந்துகொண்டிருக்கிறது. 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைஃபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் வைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவன ஆட்கள் மட்டுமே அதை அடிக்கலாம் என்று அறிவிக்கை போட்டது. நல்லது. ஆனால் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் அந்த ஆளை எங்கே போய்த் தேடுவார்? களையெடுக்க ஆளும் இல்லை, மருந்தும் அடிக்காதே என்றால் அவர் திருட்டுத்தனமாக அடிப்பார், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? "அடிக்காதே" என்று சொல்கிற அரசுக்கு "இதைச் செய்" என்று சொல்கிற கடமையும் இருக்கிறது.

ஒரு களை, ஒரு மாவட்டம், ஐந்து வருஷம். சுடுமல்லி வருகிற சோளக்காடோ கரும்புக்காடோ ஒன்றை எடுத்துக்கொண்டு, பொதுப்பணத்தில் செய்து பார்க்கட்டும். தோற்றால் ஏன் தோற்றது என்று எழுதி வைக்கட்டும், அடுத்தவனுக்கு உதவும். ஜெயித்தால், பூஞ்சை பெருக்கி விற்க ஊருக்கு ஒரு மகளிர் குழு போதும். கம்பெனி வரும், பாட்டிலில் தரும் என்று காத்திருந்தால் நடக்காது. ஒரு தடவை மட்டும் விற்கிற மருந்தை எந்தக் கம்பெனியும் ரெண்டாவது தடவை தயாரிக்காது.

வேளாண்மை படித்தவர்கள், வயலில் சுடுமல்லியோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள். எனக்கு நாளைக்குக் காலையில் ஆணி நிறைய இருக்கு, இப்போதைக்கு அப்பீட்டு.